தூக்குவாளியில் போன பிடிமண்

உன் மகள் நேற்று வந்து ஒரு செம்பைக் கொடுத்துவிட்டுப் போனாள். அதன் வாய் மஞ்சள் துணியால் கட்டியிருக்கிறது. மூக்கருகே கொண்டுபோனால் விளக்கெண்ணெய்ப் புகையும் பழைய மஞ்சளும் கலந்து, உன் சாமி அறையின் வாசனை. "திருத்தங்கல் வீட்டை வித்தாச்சு பெரியம்மா. அம்மா இத உங்ககிட்டதான் குடுக்கச் சொன்னாக" என்றாள். ஏதோ கோயில் மண் என்று நினைத்துக்கொண்டிருக்கிறாள். இதை மாதா படத்துக்குக் கீழே வைத்தால் என் மருமகள் என்ன சொல்வாளோ என்று எனக்கு ஒரே கவலையாக இருந்தது. செத்த பிறகும் என்னை வம்பில் மாட்டிவிடாமல் உன்னால் இருக்க முடியாது.

நம் கன்னியர் பள்ளிக்கூடத்தில் பேய்க்கதைக்குப் பஞ்சமா? மாடிப்படியில் இறங்கும் தலையில்லாத வெள்ளைக்காரச் சாமியார், ஆளில்லாமல் அடிக்கும் கோயில் மணி என்று வகுப்புக்கு ஒன்று இருந்தது. ஆனால் நம்மை உண்மையில் நடுங்கவைத்தது, சிஸ்டர்களின் சின்ன ஆஸ்பத்திரித் தாழ்வாரத்தில் தண்ணீர் கேட்கும் பொம்பளைதான். அவள் கதை நடந்த கதை. நாம் ஐந்தாம் வகுப்பில் இருந்தபோது, தீபாவளி சீசனில், பக்கத்துப் பயராபீஸில் ஷெட் வெடித்தது. பட்டாசுக் கம்பெனிக்கு நம் பக்கத்தில் வேறு பெயர் ஏது? கருகிய ஒருத்தியை மாட்டுவண்டியில் ஏற்றி வந்து அந்தத் தாழ்வாரத்தில் வாழையிலை விரித்துக் கிடத்தினார்கள். முகம் அடையாளம் தெரியவில்லை. தண்ணீர் கேட்டாள், பொழுது சாய்வதற்குள் போய்விட்டாள். தேடி யாரும் வராததால் சிஸ்டர்களே அடக்கம் செய்தார்கள். அதன் பிறகு சாயங்கால ஜெபம் முடிந்து அந்தப் பக்கம் போனால் "தண்ணி, தண்ணி" என்று குரல் கேட்கிறது என்று போர்டிங் பிள்ளைகள் சொன்னார்கள்.

உன் அம்மாவும் அன்று அதே ஷெட்டில்தான் வேலையில் இருந்தாள். உன் அய்யா பெரியாஸ்பத்திரியில் தேடி அலைந்து, இவள் செய்தி எட்டுவதற்குள் இங்கே அடக்கம் முடிந்துவிட்டது; உங்கள் வீட்டுக்கு உடம்பு வந்து சேரவில்லை. "அது எங்கம்மாதான்" என்று நீ முடிவு கட்டிவிட்டாய். எல்லோரும் தலைதெறிக்க ஓடும் இடத்தில், பஸ் வரும் வரை ஒரு தம்ளர் தண்ணீரை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாய். நான் ஜெபமாலையை இறுகப் பிடித்துக்கொண்டு தூணுக்குப் பின்னால் நிற்பேன். "சத்தம் கேட்டுச்சா?" என்றால், "இன்னிக்கு இல்ல. நாளைக்கு வருவா" என்பாய்.

ஆறாம் வகுப்பில் போர்டிங் பிள்ளை ஒருத்திக்குப் பயத்தில் காய்ச்சல் வந்தது. மதர், சாமியாரை அழைத்துத் தாழ்வாரத்தை மந்திரிக்க ஏற்பாடு செய்தார். வகுப்பே நிம்மதியானது. நீ மட்டும் அழுதாய்.

"சாமியார் தீர்த்தம் தெளிச்சா எங்கம்மா எங்க போவா?"

"மோட்சத்துக்குப் போவாக" என்றேன். ஞானோபதேச வகுப்பில் பரிசு வாங்கியவள் அல்லவா நான்.

"ஞானஸ்நானம் வாங்காதவுகளுக்கு மோட்சம் கெடையாதுன்னு நீதான சொன்ன?"

சாமியார் வரவிருந்த அன்று மத்தியானம், உன் தூக்குவாளிச் சோற்றைக் காக்காய்க்குக் கொட்டினாய். "எங்க சாமியவே அய்யா ஊருலருந்து பிடிமண்ணா எடுத்துத்தான் இங்கன கொண்டாந்தாக. எங்கம்மா வரமாட்டாளா?" என்று சொல்லி, தாழ்வாரத்து ஓரத்தில் ஒரு பிடி மண்ணை அள்ளி வாளியில் போட்டு மூடினாய். என் சோற்றைத்தான் இருவரும் தின்றோம். சாமியார் லத்தீனில் ஜெபித்துத் தீர்த்தம் தெளித்தபோது, எங்களோடு வரிசையில் அந்த வாளியைக் கட்டிக்கொண்டு நின்றாய். ஒரு சிஸ்டர் அது என்ன என்று கேட்டார். "சோறு, சிஸ்டர்" என்றாய். பேய் போய்விட்டது என்று பள்ளிக்கூடமே நம்பியது. அது பஸ் ஏறித் திருத்தங்கலுக்குப் போனது எனக்கு மட்டும்தான் தெரியும்.

பள்ளிப் படிப்பு முடிந்து விடைபெறப் போனபோது, ஆஸ்பத்திரி சிஸ்டர் அந்தத் தாழ்வாரத்துப் பொம்பளையைப் பற்றிப் பேச்சுவாக்கில் சொன்னார்: "பாவம், வயசான பொம்பள. வாயில ஒரு பல்லு கெடையாது." உன் அம்மாவுக்கு அப்போது முப்பதுகூட ஆகியிருக்காது. எனக்குத் தூக்கம் போயிற்று. சொன்னால் உன் அம்மாவை இரண்டாம் முறை கொன்றதாகும். சொல்லாவிட்டால் ஆயுசுக்கும் யாரோ ஒருத்தியைக் கும்பிட்டுக் கிடப்பாய். கடைசியில் திருத்தங்கலுக்கே வந்தேன். மாடக்குழியில் அந்த மண்ணை மாற்றிவைத்த செம்பு, பக்கத்தில் விளக்கு, ஒரு தம்ளர் தண்ணீர். நான் மென்று விழுங்கிக்கொண்டு ஆரம்பிக்கும்போதே நீ சொல்லிவிட்டாய்.

"தெரியும் புள்ள. அடுத்த வருசமே சிஸ்டர்கிட்டக் கேட்டுட்டேன்."

"பெறகு எதுக்குடி இம்புட்டு நாளா வெளக்கேத்துற?"

திரியைத் தூண்டிவிட்டபடியே பேசினாய். "யாரப் பெத்தவளோ, தேடி ஒரு ஆளு வரல. எங்கம்மாவும் இப்படி எங்கனயாச்சும் ஒரு தாவாரத்துல கெடந்திருப்பா. அவளயும் எவளோ ஒருத்தி எடுத்துட்டுப் போயி வச்சிருப்பா. நான் இவள விட்டா, அவ எங்கம்மாவ விட்டுருவா."

அன்று பஸ்ஸில் நான் அழுதுகொண்டே வந்தேன். நீ சொன்னது எந்த ஞானோபதேசத்திலும் இல்லை.

செம்பை மாதா படத்துக்குக் கீழேதான் வைத்திருக்கிறேன். மருமகள் ஒன்றும் சொல்லவில்லை, தண்ணீர் வைக்க நல்ல தம்ளராக ஒன்று எடுத்துக் கொடுத்தாள். உன் வழியாக வந்த வேலையை என்னால் முடிந்த மட்டும் செய்வேன், பயப்படாதே. மேற்கே எங்கோ வெடித்து ஜன்னல் அதிரும்போது மட்டும் மனசு கிடந்து அடித்துக்கொள்கிறது. பேர் தெரியாத அந்தக் கிழவிக்காக ஜெபிக்கிறேன், உனக்காக ஜெபிக்கிறேன். அதற்கு மேல் ஜெபம் ஓடமாட்டேன் என்கிறது. நீ சொன்னதுபோல் உன் அம்மாவை எடுத்துப்போய் வைத்திருந்தவளுக்கும் நம் வயதுதானே இருக்கும்? அவள் வீட்டையும் விற்றிருந்தால், அந்த மண்ணை யார் கையில் கொடுத்தார்கள்?