பிடியை விட்ட கை

மார்ச் 3

அன்புள்ள அக்காவுக்கு,

வணக்கம். கூண்டுச் சண்டையில் உங்கள் கணவரோடு கடைசியாக மோதியவன் நான்; கூண்டில் என் பெயர் கடப்பாரை. அதில் அவர் உயிர் போய் நான்கு மாதம் ஆகிறது. இன்றுதான் எழுதக் கை வந்தது. திட்டுங்கள், ஆனால் படித்துவிடுங்கள்.

நேற்றுப் பத்திரிகையில் ‘மின்னல் ஒரு நாள் வெட்டும், பத்து நாள் வெட்டாது, அத்தனை திறமையும் பாழ்’ என்று அவரைப் பற்றி எழுதியிருந்தார்கள். எனக்குப் பொறுக்கவில்லை. அன்று முதல் ரவுண்டிலேயே அவர் பின்னால் வந்து, முழங்கையை மடக்கி என் கழுத்தை இறுக்கினார். கண் இருட்டிவிட்டது. இன்னும் மூன்று நொடி போதும். சட்டென்று விட்டுவிட்டார். திரும்பினால், தன் கையையே பார்த்துக்கொண்டு நிற்கிறார். தாடையில் குத்தினேன். எலும்பு முறிந்த சத்தம் கேட்டது. விழுந்த பிறகும் பதினொரு குத்து. ரெஃபரி இழுத்த பிறகுதான் நிறுத்தினேன்.

ஏன் விட்டார் அக்கா?

இப்படிக்கு,
கடப்பாரை

மார்ச் 11

தம்பிக்கு,

கிழித்துப் போடத்தான் எடுத்தேன். ‘ஏன்’ என்று கேட்டதால் எழுதுகிறேன்.

ஆறு வருடத்துக்கு முன் அவரோடு பயிற்சி செய்தவன் என் கூடப்பிறந்த தம்பி. அதே பிடி. விடச் சொல்லி அவன் தரையைத் தட்டியது இவருக்குக் கேட்கவில்லை. விட்டபோது தலை ஒரு பக்கமாகத் தொங்கியது. அன்றிலிருந்து கையால் குத்தினால் ஜெயிப்பார். கழுத்து கைக்குள் வந்தால் தோற்பார். ஏன் தோற்கிறார் என்பதை யாரிடமும் சொல்லக் கூடாது என்று என்னிடம் சத்தியம் வாங்கினார். என் அம்மா ஒரே வீட்டில் இருந்தும் அதன் பிறகு அவரோடு பேசவே இல்லை.

உங்களை மன்னிக்க எனக்கு மனம் வரவில்லை. பதினொன்று என்று எண்ணி வைத்திருக்கிறீர்களே.

அக்கா

மார்ச் 16

அக்கா,

எண்ணவில்லை. வீடியோவில் பார்த்தேன், பல தடவை. நீங்கள் எழுதியதைப் பத்திரிகைக்குச் சொல்லட்டுமா?

கடப்பாரை

மார்ச் 24

தம்பிக்கு,

பத்திரிகைக்கு வேண்டாம். அம்மாவுக்கு மட்டும் உங்கள் முதல் கடிதத்தை வாசித்தேன். பிடியை விட்ட இடத்தில் நிறுத்தச் சொன்னாள்.

“எவனோ ஒருத்தன விட்டவனுக்கு, எம் புள்ளைய விட மனசு வரலையா?” என்று தலையில் அடித்துக்கொண்டாள்.

“நம்ம புள்ள போனதாலதாம்மா இவன விட்டாரு” என்றேன்.

இரண்டு நாள் கழித்து, இன்று காலை என்னைக் கூப்பிட்டாள். “அந்தத் தம்பிய வரச் சொல்லு. அவன் கழுத்த ஒரு தடவ தொட்டுப் பாக்கணும்.”

ஞாயிற்றுக்கிழமை வீட்டில்தான் இருப்போம்.

அக்கா