உள்ளேதான் இருப்பேன், கூப்பிடுங்கள்

என் செல்வியக்காவுக்கு,

சாந்தன்பாறையில் மழை விட்டு, ஏலத்தோட்டத்தின் மேல் மூடுபனி இறங்கியிருக்கிறது. காய்ச்சலில் நீ போனபிறகு உன் ஹோம்ஸ்டேயை நானும் அம்மாவும் நடத்துகிறோம். என் சாம்பாரைச் சாப்பிட்டும் ஆட்கள் வருகிறார்கள், நம்புவாயா?

நீ கட்டிய வெப்சைட்டில் ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் ஒரு வரி உண்டு. "வாசலில் நின்று கூப்பிடுங்கள். உள்ளேதான் இருப்பேன். செல்வி." கரண்ட் நிலையாக இல்லாத ஊரில் காலிங் பெல் எதற்கு என்பாய். நீ இறந்த செய்தியை ஒரு பக்கமாக எழுதிப் போட்டேன். உன் படத்துக்குக் கீழேயும் அந்த வரி வந்து நின்றது. நான் எழுதவில்லை அக்கா.

காரியம் முடிந்த வாரம் வாசலில் ஒரு மலையாளக் குரல். பனியில் ஆள் தெரியவில்லை. "செல்விச் சேச்சீ!" அம்மா கரண்டியோடு அப்படியே நின்றுவிட்டாள். மூடுபனிக்குள்ளிருந்து பேர் சொல்லிக் கூப்பிட்டால் அது செத்தவர்களாக இருக்கலாம், மூன்று தரம் கேட்காமல் வாய் திறக்கக் கூடாது என்று தோட்டத்து லயவீடுகளில் சொல்வார்களே. தங்க வந்தவர் மூன்று தரமும் கூப்பிட்டார். சாத்தியிருந்த உன் அறைக் கதவு திறந்தது. காற்று என்று அம்மாவிடம் சொன்னேன். காற்றே இல்லை.

"வாரவன் போறவன்லாம் பேரச் சொல்லிக் கூப்புட்டா புள்ள எப்பிடிலே போவா? அந்த வரிய எடுத்துருலே" என்று அம்மா அழுதாள்.

ஜீப் ஓட்டுகிறவனுக்குத் தெரிந்த வேலையா இது? தயாராகி வெளியே வந்திருந்த பக்கங்களை ஒவ்வொன்றாகத் திறந்து அந்த வரியை அழித்தேன். மறுநாள் ஒரு போட்டோவை மாற்றி, சைட்டை மறுபடி பில்ட் செய்தேன். எல்லாப் பக்கத்திலும் நீ திரும்பி வந்திருந்தாய். மறுபடி அழித்தேன், மறுபடி வந்தாய். போக மனசில்லையா உனக்கு?

உன்னோடு படித்த ஜெசி போனில் சிரித்தாள். "அச்சு மாதிரி இருக்குற டெம்ப்ளேட்ட விட்டுட்டு வெளிய வந்த பக்கத்த அழிச்சா? ஒவ்வொரு பில்டுக்கும் அதுல இருந்துதான புதுசா வரும்."

டெம்ப்ளேட்டில் வரி இருந்தது, உன் பேர் இல்லை. பேர் வரவேண்டிய இடத்தில் ஏதோ அடைப்புக்குறிகள். "பேரு செட்டிங்ஸ் ஃபைல்ல இருக்கும். அங்க மாத்துனா சைட் முழுக்க மாறிரும்" என்றாள் ஜெசி.

செட்டிங்ஸில் இருந்த உன் பேரை அழித்து பில்ட் செய்தேன். எல்லாப் பக்கத்திலும் "உள்ளேதான் இருப்பேன்" என்பதோடு வரி நின்றது. யார் என்று இல்லை. அதுதான் எனக்கு ரொம்பப் பயமாக இருந்தது. அந்த இடத்தில் முருகேசன் என்று என் பேரைப் போட்டேன்.

இன்று சாயங்காலம் பனிக்குள்ளிருந்து ஒரு குரல். "முருகு."

இன்று யாரும் வருவதாக இல்லை. சைட்டில் இருப்பது முருகேசன். முருகு என்று கூப்பிட உலகத்தில் நீ ஒருத்திதானே இருந்தாய்?

அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டாள். "மூணு தரம் கேக்கட்டும்லே."

"இந்தா வாரேன்க்கா" என்றேன்.

வாசலில் யாருமில்லை. பின்னால் உன் அறைக் கதவு மெல்லச் சாத்திக்கொண்டது.

இனி யார் வந்து கூப்பிட்டாலும், யாருடைய குரலாக இருந்தாலும், முதல் குரலுக்கே நான் எழுந்து போவேன். நீ எழுந்திருக்க வேண்டாம். தூங்கு அக்கா.

உள்ளேதான் இருக்கிறேன்,
உன் தம்பி முருகு