மான் தின்ற துலிப் பூக்கள்

என் மகளுக்கு,

நேற்றுப் போனில் கூப்பிட்டேன், நீ எடுக்கவில்லை. நீ வேலையில் இருந்திருப்பாய். அதனால் எழுதுகிறேன்.

இங்கே லோறென்ஸ்கூக்கில் பனி ஒருவழியாகக் கரைந்துவிட்டது. பக்கவாதம் வருவதற்கு முன் அப்பா நட்டுவைத்த துலிப் கிழங்குகள் எல்லாம் பூத்திருக்கின்றன. நின்று பார்க்கத்தான் எனக்கு நேரமில்லை. அவரைக் குளிப்பாட்டிச் சாப்பாடு தீத்தி முடிக்கவே பொழுது போய்விடுகிறது. விழுந்த நாளிலிருந்து அவர் ஒரு சொல்லும் பேசவில்லை என்பது உனக்குத் தெரியும்.

நேற்றுக் காலை காட்டிலிருந்து ஒரு மான் வந்து பூக்களைக் கடிக்கத் தொடங்கியது. முற்றம் கூட்டும் தும்புத்தடியை எடுத்துக்கொண்டு துரத்த ஓடினேன். பின்கதவடியில் சக்கர நாற்காலியில் இருந்த அப்பா, "விடும். தின்னட்டும்" என்றார்.

நாக்குக் குழறியது. ஆனாலும் அவருடைய குரல்தான். நான் ஈரப் புல்லில் அப்படியே உட்கார்ந்துவிட்டேன்.

"இன்னொருக்கால் சொல்லுங்கோ" என்று கெஞ்சினேன். அவர் மானையே பார்த்துக்கொண்டிருந்தார். அது காட்டுக்குள் போன பிறகும் அந்தப் பக்கமே பார்த்தபடி இருந்தார்.

நீ எப்போது வருவாய் என்று நான் கேட்கவில்லை. உனக்கும் வேலை இருக்கிறது.

மிச்சப் பூக்களைச் சுற்றி வலை கட்டச் சொன்னாள் பக்கத்து வீட்டுக்காரி. களைப்பாக இருக்கிறது, பிறகு பார்க்கலாம் என்றேன். உண்மையில் கட்டுவதாக இல்லை. பின்கதவைத் திறந்துவைத்துவிட்டு அந்த மான் திரும்பி வரட்டும் என்று காத்திருக்கிறேன்.

அம்மா