தாலிக்கு வாசித்த அக்கோர்டியன்

நான் வேலை செய்யும் முதியோர் இல்லத்துக்கு இன்று ஒருவர் அக்கோர்டியன் வாசிக்க வந்தார். பின்னேரக் கோப்பி முடிந்து கேக் தட்டுகளை அடுக்கிக்கொண்டிருந்தேன். முதல் இரண்டு மூன்று பாட்டுகளும் சும்மா காதில் விழுந்து போயின. பிறகு அந்தத் துள்ளல் மெட்டைத் தொடங்கினார். என் கை தானாகவே கழுத்துக்குப் போய்த் தாலிக்கொடியைப் பிடித்தது.

பக்கத்தில் இருந்த கிழவி அதைக் கண்டுவிட்டார். "இந்தப் பாட்டு உமக்குத் தெரியுமோ?" என்று டேனிஷில் கேட்டார்.

"ஓம், இந்தப் பாட்டோடதான் எனக்குத் தாலி ஏறினது" என்றேன். அவருக்கு ஒன்றும் விளங்கவில்லை. உனக்கு விளங்கும், சினேகிதி.

டென்மார்க்குக்கு வந்த புதிதில், இக்காஸ்ட் ஊர்த் தையல் ஆலையில் எனக்கும் உனக்கும் பக்கத்துப் பக்கத்து மெஷின். எனக்குக் குளிரும் தெரியாது, பாஷையும் தெரியாது. உனக்கும் பாஷை தெரியாதுதான், ஆனால் அதற்காக நீ ஒருநாளும் கதைக்காமல் இருந்ததில்லை. ஆலை முழுக்க உன் குரல்தான். மெஷின் திருத்துகிற டேனிஷ்காரர் உன்னைக் கண்டால் சுற்றிப்போவார், ஆனால் சிரித்துக்கொண்டுதான் போவார்.

என் கலியாணத்துக்கு என் பக்கத்தில் இரத்த உறவென்று ஒருவரும் இல்லை. அம்மா யாழ்ப்பாணத்தில். சேலை கட்டிவிட்டதும் நீ, தலை பின்னிப் பூ வைத்ததும் நீ. இந்தத் தேசத்தில் எனக்கென்று ஆர் இருக்கினம் என்ற பயத்தில் அன்று காலை அழுதேன். "மை கரையுது, பிறகு ஆறுதலா இருந்து அழு" என்றாய். அவ்வளவுதான் உன் ஆறுதல்.

அந்த நாளில் இங்கே மேளகாரருக்கு எங்கே போவது? நாதஸ்வரம் கசெட்டில்தான். ஆலையின் டேனிஷ் ஆட்களும் வந்திருந்தார்கள். தெரிந்த மெட்டுக்குத் தாங்களே சொற்கள் எழுதி, கலியாணச் சாப்பாட்டில் எல்லோருமாகப் பாடுவது அவர்களின் வழக்கம். அதற்காக அந்த மெஷின்காரர் அக்கோர்டியனோடு வந்திருந்தார்.

ஐயர் கையை உயர்த்தி, "கெட்டிமேளம், கெட்டிமேளம்" என்றார். நீ பொத்தானை அமத்தினாய். கசெட் ஒருமுறை முனகிவிட்டு நாடாவைச் சுற்றிக்கொண்டு நின்றது. மண்டபத்தில் மூச்சுச் சத்தம் மட்டும். தாலி ஏறும்போது தும்மல் கேட்டால் கூடாது என்பார்கள். அதை அமுக்கத்தானே மேளம். அதுவோ மாசி மாதக் குளிர், மண்டபத்தில் பாதிப்பேருக்குத் தடிமன்.

"நேரம் போகுது பிள்ளை" என்றார் ஐயர்.

நீ ஆரிடமும் கேட்கவில்லை. நேரே அந்த மெஷின்காரரிடம் போய், "வாசி" என்று டேனிஷில் சொன்னாய்.

"எதை?"

"சத்தமானதை."

அவருக்குச் சத்தமாகத் தெரிந்தது அந்தத் துள்ளல் நடன மெட்டுத்தான். டேனிஷ்காரர் எல்லோரும் இதுவும் எங்கள் சடங்கு என்று நினைத்துக் கைதட்டிக் காலால் தாளம் போட்டார்கள். எங்கள் சனம் அறுகரிசி எறிந்தது. ஐயரின் மணிகூட அந்தத் தாளத்துக்கே விழுந்தது. மாப்பிள்ளையாய் இருந்த இவர் சிரிப்பை அடக்க முடியாமல் முடிச்சுப் போட்டார். நான் தலை குனிந்தபடியே சிரித்தேன், அழுதேன், இரண்டும்தான்.

கலியாணத்தை ஒலிப்பதிவு செய்த கசெட்டை அம்மாவுக்கு அனுப்பினோம். அவர் கொழும்புக்கு வந்திருந்த நேரம் தொலைபேசியில் கதைத்தபோது, "மேளம் ஒரு மாதிரிக் கேக்குது, ஆர் பிள்ளை வாசிச்சது?" என்றார். நீ என் கையிலிருந்து ரிசீவரைப் பறித்தாய்.

"அம்மா, அது டென்மார்க் நாயனம். குளிருக்குத் தொண்டை அடைச்சுப்போச்சு."

"பரவாயில்லை, தும்மல் ஒண்டும் கேக்கேல்லை" என்றார் அம்மா.

பிறகு நீ பிராண்டே என்ற ஊருக்கு வீடு மாறிப் போனாய். ஆலையும் மூடி, நாங்களும் வேறு வேலைகளுக்குப் போனோம். எந்தக் கலியாண வீட்டில் சந்தித்தாலும், மேளம் முழங்கும் நேரம் என்னைப் பார்த்துக் கண்ணடிப்பாய். போன பனிக்காலம் நீ கண்ணை மூடிவிட்டாய்.

உன்னிடம் சொல்லாமல் விட்டது ஒன்று உண்டு. எனக்கென்று ஆர் இருக்கினம் என்று அன்று காலை எனக்கு இருந்த பயம், அந்த மெட்டு முடிந்தபோது என்னிடம் இல்லை. நீ போனபின் அது திரும்பி வரும் என்று பார்த்துக்கொண்டே இருந்தேன். இன்னும் வரவில்லையடி.