பதின்மூன்று நாள் தள்ளிப் பூத்த பூ

நாபூல்,
மார்ச் 21

அன்புள்ள ஒல்ஃபாவுக்கு,

முனீரா எழுதுகிறேன். நூலகத்தில் எல்லோரும் சுகமாக இருக்கிறோம். உன் உடம்புக்கும் வேலைக்கும் ஒரு குறையும் வராமல் இருக்கட்டும். போனில் பேசுவதை விட்டுவிட்டு இவளுக்கு எதற்குக் கடிதம் என்று நினைப்பாய். போனில் உன் குரலைக் கேட்டால் நான் சிரித்துப் பேசிச் சமாளித்துவிடுவேன். ஆறு வாரமாக அப்படித்தான் சமாளித்துக்கொண்டிருக்கிறேன். என் மாமா மகன் லத்ஃபி சனிக்கிழமை லியோனுக்கு விமானம் ஏறுகிறான், அவன் கையில் இதைக் கொடுத்தனுப்புகிறேன். கூட இருக்கும் பாட்டில் நாரத்தம்பூ நீர், இந்த வருடத்து முதல் வடிப்பு. காப்பியில் இரண்டு சொட்டு போதும். நீ போன தடவை ஊற்றிய மாதிரி ஊற்றினால் காப்பி சோப்புத் தண்ணீராகிவிடும்.

பூ வந்துவிட்டது. வடிப்பு வீட்டுக்கு முதல் கூடை செவ்வாய்க்கிழமை போனது. ஊர் முழுக்க நாரத்தம்பூ வாசனை. எங்கள் மொட்டை மாடியில் அம்மா வெள்ளைத் துணி விரித்துப் பூவைக் கொட்டிவிட்டு, துணி காயப்போட இடமில்லை என்று என்னைத்தான் திட்டுகிறாள்.

நூலக இயக்குநர் ஸி துஹாமி உன் படம் வந்த செய்தித்தாளைக் கண்ணாடிச் சட்டம் போட்டு வாசலிலேயே மாட்டிவிட்டார். காலையில் உள்ளே நுழைந்தால் முதலில் உன் முகம். என் பச்சைக் கழுத்துத் துண்டைத்தான் கட்டியிருக்கிறாய். குளிருமே என்று விமான நிலையத்தில் நான் கழற்றிக் கொடுத்தது. செய்தியை எத்தனை தடவை படித்தேன் என்று கேட்காதே. ஐம்பத்தெட்டு வருடப் பதிவேடுகளைக் கணினி படிக்கிற மாதிரி மாற்றிய பெண், அதிலிருந்து யாருக்கும் தெரியாத ஒன்றைக் கண்டுபிடித்த பெண். கடைசியில் ஒரு வரி: நாபூல் நூலக ஊழியர்களுக்கு நன்றி. நாங்கள் ஒன்பது பேர், ஒல்ஃபா. அதில் ஒருவர் தோட்டக்காரர். அவருக்கும் எனக்கும் நீ ஒரே நன்றியைப் பங்கு வைத்திருக்கிறாய்.

அம்மா வேறு சும்மா இருப்பதில்லை. "உன் பக்கத்து மேசையில உக்காந்திருந்தவதானே? அவ எங்க போயிட்டா பாரு, நீ இன்னும் தூசி தட்டிட்டு இருக்க" என்கிறாள். பொறாமை என்றால் என்னவென்று எனக்குத் தெரியும் என்று இத்தனை நாள் நினைத்திருந்தேன். தெரியாது. அது வயிற்றில் உட்கார்ந்துகொண்டு நம்மோடு சேர்ந்து சாப்பிடுகிறது.

அந்தப் பதிவேடுகள் பென் ஸ்லீமான் வடிப்பு வீட்டின் பரணிலிருந்து வந்த அன்று நீயும் இருந்தாய். வருடா வருடம் முதல் பூக்கூடை எந்தத் தேதியில் வந்தது, எத்தனை கூடை, யார் தோட்டம் என்று 1903 முதல் 1960 வரை எழுதிவைத்தது. நீ பக்கம் பக்கமாகப் படம் எடுத்தாய். படம் எடுத்து வலையில் போட்டாலே போதும் என்று ஸி துஹாமி சொன்னார். "படம் வெறும் படம்தான் ஸி துஹாமி, மெஷினுக்கு அது சுவத்துல ஒட்டின காகிதம். வரிசையா, பத்தி பத்தியா எழுத்தா குடுத்தாதான் ஆராய்ச்சிக்கு ஆகும்" என்று நீதான் அவரிடம் வாதாடினாய். சரியாகத்தான் சொன்னாய். ஆனால் அந்த எழுத்தைப் படித்து அடித்தது யார்? ஆறு வருடம். வடிப்பு வீட்டுக் கிழவர்களின் கோழிக் கிறுக்கலைப் படித்துப் படித்து என் கண்ணாடி இரண்டு முறை மாறியது. இடது மணிக்கட்டு இன்னும் மழை வந்தால் வலிக்கிறது. அட்டவணையின் கடைசியில் 'குறிப்பு' என்று ஒரு பத்தி வைத்தேன். பதிவேட்டில் உள்ளதில் மற்றப் பத்திகளில் அடங்காததையெல்லாம் அதில் எழுதினேன்.

இனி எழுதவேண்டியதை எழுதுகிறேன்.

போன வருடம் அக்டோபரில் திரையில் கூப்பிட்டாய், நினைவிருக்கிறதா? "முனீரா, அந்தக் குறிப்புப் பத்தி மெஷினுக்கு வயித்து வலி குடுக்குதுடி. ஒரே கதையா இருக்கு. மாசத்தையெல்லாம் நம்பரா மாத்திட்டேன், தேதி சுத்தமாயிடுச்சு. இதைத் தூக்கிடட்டுமா?" என்று கேட்டாய். நான் வாயைத் திறந்துவிட்டேன். இருடி, தூக்காதே, அதில் ஒரு விஷயம் இருக்கிறது என்று சொல்லப் போனேன். அதற்குள் உன் பக்கத்திலிருந்தவர் யார் இவள் என்று கேட்டார். நீ திரும்பி பிரெஞ்சில் சொன்னாய்: "நம்ம டைப் அடிக்கிற பொண்ணு. ரொம்ப நல்லவ." எனக்குப் பிரெஞ்சு தெரியும் என்பது உனக்கு மறந்தே போயிருந்தது.

"உன் இஷ்டம். தூக்கிடு" என்றேன்.

நீ துனிஸில் ஐந்தாம் மாடியில் வளர்ந்தவள். உன் வீட்டில் நாள்காட்டி ஒன்றுதான். இங்கே தோட்டக்காரர்களுக்கு இன்னொன்று இருக்கிறது, அஜ்மிக் கணக்கு. என் அப்பா இன்றைக்கும் ஒட்டுக் கட்டுவதும் கிளை வெட்டுவதும் அதைப் பார்த்துத்தான். அது அரசாங்க நாள்காட்டிக்குப் பதின்மூன்று நாள் பின்னால் வரும். இன்று நமக்கு மார்ச் 21; அவருக்கு மார்ச் 8. வடிப்பு வீட்டின் பழைய முதலாளி பூ வந்த தேதியை அந்தக் கணக்கில்தான் எழுதினார். 1938-ல் அவர் பேரன், பிரெஞ்சுப் பள்ளியில் படித்தவர், பொறுப்புக்கு வந்தார். அந்த வருடத்திலிருந்து தேதி அரசாங்கக் கணக்குக்கு மாறியது. முதல் முப்பத்தைந்து வருடத்துக்கும் குறிப்புப் பத்தியில் நான் வரிக்கு வரி 'அஜ்மி' என்று எழுதியிருந்தேன். நீ தூக்கியது அதைத்தான்.

உலகமெங்கும் வெப்பம் ஏறிப் பூக்கள் முந்திக்கொண்டு வர, நாபூலின் நாரத்தை மட்டும் 1938 முதல் பதின்மூன்று நாள் தள்ளிப் பூக்கிறது என்று செய்தித்தாளில் படித்தபோது நான் சிரித்தேன். நிஜமாகவே வாய்விட்டுச் சிரித்தேன், ஸி துஹாமி எட்டிப் பார்த்தார். பூ எங்கேயும் தள்ளிப் போகவில்லை, ஒல்ஃபா. அது வரும்போதுதான் வந்தது. எழுதியவர்தான் மாறினார்.

அன்றே சொல்லியிருக்கலாம், சொல்லவில்லை. எப்போதாவது யாராவது கண்டுபிடிப்பார்கள், அப்போது பார்க்கலாம் என்று இருந்தேன். நீ மேடையில் நிற்பதையும், பின் வரிசையில் ஒருவர் கை தூக்குவதையும் நினைத்துப் பார்த்திருக்கிறேன். நன்றாகத்தான் இருந்தது. நீ இதைப் படித்து என்னை வெறுக்கலாம். அதற்கு நான் ஏற்கெனவே தகுதி பண்ணிக்கொண்டுவிட்டேன்.

ஆனால் திங்கட்கிழமை நீ உன் உரையை அனுப்பினாய். ஏப்ரல் 6 உரை நன்றாக அமைந்தால் வேலை நிரந்தரம், இல்லையென்றால் ஜூனில் பெட்டியைக் கட்ட வேண்டியதுதான் என்று எழுதியிருந்தாய். அதன் கீழே, "யாருக்கும் காட்டல. நீ ஒரு தடவை பாத்துச் சொல்லுடி. இந்தப் பூவைப் பத்தி உன்னளவுக்குத் தெரிஞ்சவ இந்த உலகத்துல இல்ல" என்று ஒரு வரி. ஆறு வருடமாக இந்த ஒரு வரியை உன் வாயிலிருந்து கேட்கக் காத்திருந்தேன். இப்போதா அதைச் சொல்வாய்? மூன்று நாளாக எனக்குச் சோறு இறங்கவில்லை.

உறையில் இருக்கும் சின்ன மெமரி கார்டில் என் பழைய அட்டவணை முழுதாக இருக்கிறது, குறிப்புப் பத்தியோடு. 1938 பதிவேட்டின் முதல் பக்கத்தையும் படமெடுத்து வைத்திருக்கிறேன். கணக்கை மாற்றியதைப் பேரன் தன் கையாலேயே எழுதியிருக்கிறார். முந்திய வருடங்களோடு பதின்மூன்றைக் கூட்டிக்கொள். கூட்டினால் உன் கண்டுபிடிப்பு போய்விடும், தெரியும். மிச்சமிருப்பது ஐம்பத்தெட்டு வருடத்துச் சரியான தேதிகள். அது போதுமா, அவர்கள் உன்னை வைத்துக்கொள்வார்களா என்று எனக்குத் தெரியாது. போதும் என்று பொய் சொல்ல மனமில்லை. தயவுசெய்து திருத்தாமல் மட்டும் மேடை ஏறாதே.

உனக்கு எல்லாம் நல்லபடியாக நடக்க வேண்டும் என்று மனதார வாழ்த்தி முடிக்க உட்கார்ந்தேன். பாதி மனதுதான் வருகிறது. அதை முழுதாக எடுத்துக்கொள். தவறு எப்படி வந்தது என்று அவர்கள் கேட்பார்கள். தயங்காமல் சொல். குறிப்புப் பத்தியைத் தூக்கச் சொன்னவள் நாபூல் நூலகத்து முனீரா பென் யெத்தர் என்று எழுதிக் கொடு. ஊழியர்கள் என்று எழுதாதே. முழுப் பெயராக எழுது.

இப்படிக்கு,
பச்சைத் துண்டைத் திருப்பிக் கேட்காத
முனீரா