இசக்கி யாருடைய ஆள்?

என் அன்புத் தம்பி இசக்கிக்கு,

நீ இருந்தபோது உனக்கு நான் கடிதம் எழுதியதில்லை. போனில்கூட "சாப்பிட்டியாலே?" என்பதற்கு மேல் நாம் அதிகம் பேசியதில்லை. இப்போது உனக்குச் சொல்ல ஒரு செய்தி இருக்கிறது.

ஆழ்வார்திருநகரி சாலையில் உள்ள அந்த அரிசி ஆலையில், கூரையின் பழைய சிமெண்ட் சீட்டுகளை மாற்ற ஏறியபோதுதான் சீட்டு உடைந்து நீ விழுந்து இறந்தாய். காரியமெல்லாம் முடிந்த பிறகு ஆலைக்குப் போனேன். மேலாளர் நாற்காலி போடச் சொன்னார், மோர் வரவழைத்தார்.

"ரொம்ப வருத்தமா இருக்கும்மா. ஆனா அவரு நம்ம ஆளு கெடையாதுல்லா, காண்ட்ராக்ட் ஆளு."

உன் காண்ட்ராக்டரிடம் போனேன். "மில்லு அவங்களுது, கூரை அவங்களுது. நான் ஆளுதானக்கா அனுப்புனேன்" என்றார். வேலை நடக்கும்வரை இரண்டு பேருமே உன்னை "நம்ம இசக்கி" என்றுதான் கூப்பிட்டார்களாம். உன் மனைவி செல்வி சொன்னாள்.

நான் படித்தது பொருளியல். இதற்காகச் சட்டத்தையும் படித்தேன். உடையக்கூடிய கூரைமேல் நடக்கப் பலகை போடாமல் யாரையும் ஏற்றக்கூடாது. ஏறுகிறவனுக்குச் சம்பளம் யார் கொடுத்தாலும் சரி, அவன் பாதுகாப்புக்கு ஆலையை நடத்துகிறவர் பொறுப்பு. அந்தப் பொறுப்பைக் காண்ட்ராக்டர் தலையில் கட்டிவிட முடியாது. சட்டத்தில் "நம்ம ஆளு" என்ற வார்த்தையே இல்லை. ஆனால் படித்துவிட்டதால் எனக்கு நம்பிக்கை வந்துவிடவில்லை.

இதற்கிடையில் ஆலையிலிருந்து செல்விக்கு ஆள் விட்டார்கள். பேக்கிங் பகுதியில் வேலை தருவார்களாம். நீயாகவே பாதுகாப்பு பெல்ட்டைக் கழற்றினாய் என்று தொழிற்சாலை ஆய்வாளர் விசாரணையில் அவள் சொல்ல வேண்டும், அவ்வளவுதான்.

"ரெண்டு பிள்ளைய வச்சிக்கிட்டு நான் எங்கன போவேன் மதினி?" என்றாள். எனக்கு மாதம் பிறந்தால் கல்லூரிச் சம்பளம் வந்துவிடுகிறது. சொல்லாதே என்று அவளிடம் எந்த வாயால் சொல்வது?

விசாரணை ஆலை அலுவலகத்திலேயே நடந்தது. தொழிற்சாலை ஆய்வாளர், "இறந்தவர் யாரோட ஆளு?" என்று கேட்டார். மேலாளர் காண்ட்ராக்டரைப் பார்த்தார். காண்ட்ராக்டர் மேலாளரைப் பார்த்தார்.

"எங்க வீட்டு ஆளு சார்" என்றாள் செல்வி.

பின்னால் யாரோ சிரிப்பை அடக்கிக்கொண்டார்.

மேலாளர் முந்திக்கொண்டார். "பெல்ட்டு குடுத்திருந்தோம் சார். கொஞ்சம் பிடிவாதக்காரரு, கழட்டிப் போட்டுட்டு ஏறிட்டாரு. வீட்டம்மாவையே கேளுங்க."

செல்வி என்னைப் பார்க்கவில்லை. "பிடிவாதம் உண்டு சார். குழம்புல உப்பு கூடிட்டுன்னா ரெண்டு நாளு மூஞ்சிய தூக்கி வச்சிக்கிடுவாவ. ஆனா பெல்ட்டக் கழட்டல. ஆஸ்பத்திரியில அவிய இடுப்புலருந்து நான்தான் அவுத்தேன்."

ஆய்வாளர் மேலாளர் பக்கம் திரும்பினார். "பெல்ட்ட எதுல மாட்டச் சொன்னீங்க?"

கூரையில் கயிறும் இல்லை, பலகையும் இல்லை.

வெளியே வந்ததும், "வேலை போச்சு மதினி" என்றாள். பெல்ட்டைப் பற்றி என்னிடம்கூட அவள் அதுவரை சொன்னதில்லை. எப்போது முடிவு செய்தாளோ? கேட்கவில்லை.

மீதிக் கூரை வேலையை இப்போது நிறுத்தி வைத்திருக்கிறார்கள். கயிறு கட்டி, பலகை போட்ட பிறகுதான் ஆள் ஏறலாம். ஆய்வாளர் ஆலைமேல் வழக்குப் போட்டிருக்கிறார். ஆலைக்காரர்கள் நல்ல வக்கீல் வைப்பார்கள். வாய்தா வாங்கியே வருடங்களைக் கடத்துவார்கள். செல்வி இன்னும் வேலை தேடிக்கொண்டிருக்கிறாள்.

தீர்ப்பைப் பற்றி உனக்கு வாக்குக் கொடுக்க மாட்டேன், தம்பி. அது என் கையில் இல்லை. ஆனால் எத்தனை வாய்தா போட்டாலும் செல்வி தனியாகக் கோர்ட்டுப் படி ஏற மாட்டாள். அதற்கு நான் பொறுப்பு.

உன் கூடப் பிறந்த அக்கா,
வள்ளி