லூதிக்குப் பக்கத்து நாற்காலி

ஜூலை 3, திங்கள்

ஷெய்லா வேலையை விட்டுவிட்டாள். மணிலாவில் அரசுப் பணி. குற்றம் சொல்வதற்கில்லை; பிரிவுபசாரத்துக்கு அவளே கேக் வாங்கி வந்ததைத்தான் பொறுக்க முடியவில்லை.

முப்பத்தொரு ஆண்டுகளாக இந்த இல்லத்தை நடத்துவது நான். நீதிமன்றத்துக்குப் போகும் அறிக்கைகளில் கையொப்பமிடுவதோ, சமூகப் பணியாளர் உரிமம் பெற்ற வேறொருத்தி; இதுவரை ஷெய்லா. அப்படியொருத்தி இல்லாவிட்டால் டிசம்பர் 31-உடன் இல்லத்தின் அனுமதி முடிந்துவிடும். பதினான்கு பெண்பிள்ளைகள். பதின்மூன்று பேருக்கு வேறு இல்லம் கிடைக்கக்கூடும். ரொவேனாவைத் தன்னிடம் ஒப்படைக்குமாறு அவள் மாமன் மனுப் போட்டிருக்கிறான். கூடாது என்று சொல்லும் அறிக்கைக்கு ஒரு கையொப்பம் வேண்டும். அவன் வாரந்தோறும் எதிர்ச்சாரியில் வந்து நிற்கிறான், பழம் வாங்க வந்தவனைப் போல. அவளுக்குப் பதினோரு வயது.

ஜூலை 7

விளம்பரத்துக்கு ஒருவரும் வரவில்லை. நிர்வாகக் குழுத் தலைவர் எஸ்தெபான் தொலைபேசியில் சிரித்தார். "நீங்களே கையெழுத்துப் போட்டுடுங்களேன், மிஸ் கொன்சிங். உங்ககிட்டதான் லைசென்ஸ் இருக்குமே!"

இல்லை. 1980-இல் உரிமத் தேர்வு எழுதினேன்; தோற்றேன். பிறகு யாரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. நாற்பத்து மூன்று ஆண்டுகளாக ஒரு பொய்யை வாய் திறக்காமலேயே சொல்லிவந்திருக்கிறேன்.

"புதுப்பிக்கணும்," என்றேன். இரண்டாவது பொய், இதற்கு வாய் திறக்க வேண்டியிருந்தது.

செப்டம்பர் தேர்வுக்குப் பெயர் கொடுத்துவிட்டேன். அறுபத்தேழு வயதில்.

ஜூலை 15, சனி

பயிற்சி வகுப்பு. நுழைந்ததும் கண்ணில் படும்படி சுவரில் பெரிய எழுத்துகள்: சென்ற முறை இங்கே பயின்றவர்களில், முதல்முறை எழுதியோர் நூற்றுக்கு எழுபத்திரண்டு பேர் தேர்ச்சி, மறுமுறை எழுதியோர் முப்பத்தொன்று. நான் எந்தக் கணக்கில் சேர்ந்தவள் என்று யாருக்கும் தெரியாது. தெரிந்தது போலவே வியர்த்தது.

பின்வரிசையில் ஒருத்தி, லூதிவினா. நாற்பது இருக்கும். லா பாஸ் சந்தையில் கருவாடு விற்கிறாள். நான்காம் முறையாக எழுதுகிறாள். அவளுக்கு இருபுறமும் நாற்காலிகள் காலி. முன்னாலிருந்த பெண் என் காதைக் கடித்தாள்: "அங்க உட்காராதீங்க மேடம். ரிப்பீட்டர். பக்கத்துல உட்கார்ந்தாலே ஒட்டிக்கும்."

வேறு இடம் இல்லாததால் அங்கேதான் உட்கார்ந்தேன். பிறகு நாற்காலியைச் சற்றே நகர்த்திக்கொண்டேன். காற்றுக்காக என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். மின்விசிறி அவள் பக்கம் இருந்தது.

ஜூலை 29

மாதிரித் தேர்வு. எனக்கு ஐம்பத்தெட்டு. லூதிக்கு எழுபத்து நான்கு.

பன்னிரண்டு வயதுப் பெண் அழுதபடி உங்கள் இல்லத்துக்கு ஓடி வருகிறாள். முதலில் என்ன செய்வீர்கள்? முதலில் சோறு போடுவேன். முப்பத்தொரு ஆண்டுகளாக அதைத்தான் செய்கிறேன். விடைகளில் அதற்கு மிக நெருக்கமானதைத் தேர்ந்தேன். தவறாம். உடனடி ஆபத்து உண்டா என்று முதலில் அறிய வேண்டுமாம்.

"உங்க இல்லத்துல என்ன செய்வீங்கன்னு கேக்கல மேடம். கேள்விக்குள்ள இருக்கிற இல்லத்துல என்ன செய்யணும்னு கேக்குறாங்க," என்றான் பயிற்றுநர். என் பேரனாக இருக்கும் வயது. பேரன் இல்லாதது நல்லதாகப் போயிற்று.

லூதி என் தாளை எட்டிப் பார்த்தாள். அவளுக்கு நான் மானாங், அக்கா. "கேள்விய முழுசாப் படிங்க மானாங். நீங்க பாதியிலயே உத்தரவு போட ஆரம்பிச்சிடுறீங்க."

அனுபவம் உள்ளவள் தோற்க மாட்டாள் என்பது, இத்தனை நாளும் நான் வைத்திருந்த ஒரே தைரியம்.

ஆகஸ்ட் 6

மாமன் இன்று என்னைப் பார்த்துக் கையசைத்தான்.

ஆகஸ்ட் 19

இடைவேளையில் வகுப்புப் பிள்ளைகளின் வதந்திகள். இத்தனை பேரைத்தான் தேறவிடுவார்கள் என்று கோட்டா உண்டாம். "கோட்டா இருந்தா என்னை நாலு தடவை எதுக்குக் கூப்பிடுறான்? என் மொகத்தப் பாக்கவா?" என்றாள் லூதி. வகுப்பே சிரித்தது. அவளுக்கு மறுபக்கத்து நாற்காலி மட்டும் காலியாகவே இருந்தது.

பேருந்து நிலையத்தருகே ஒரு கல்லூரியின் பதாகை: 'நூற்றுக்கு நூறு தேர்ச்சி!' எழுதியவர்கள் மூவர். மற்ற இருபது பேருக்கு இந்த ஆண்டு வேண்டாமென்று சொல்லிவிட்டார்களாம். லூதி சொன்னாள்.

வீட்டில் உட்கார்ந்து யோசித்தேன். முப்பத்தொன்று என்பது என் நெற்றியில் எழுதிய எண் அன்று. அது ஒரு கூட்டத்தின் கணக்கு: வேலையும் பிள்ளைகளும் போக, மிச்சமிருக்கும் அரை மணியில் படித்தவர்களின் கணக்கு. தேறியவர்கள் அந்தக் கூட்டத்தை விட்டு வெளியேறிவிடுகிறார்கள். பின்தங்கியவர்கள் மறுபடி எண்ணப்படுகிறார்கள். பக்கத்து நாற்காலிக்கு இதில் ஒரு பங்கும் இல்லை.

அறிவுக்குப் புரிகிறது. வயிற்றுக்குப் புரியவில்லை.

செப்டம்பர் 10, ஞாயிறு

வகுப்பு முழுவதும் பென்சில்களை ஹாரோ தேவாலயத்துக்கு எடுத்துச் சென்று ஆசீர்வாதம் பெற்றது. மூடநம்பிக்கை. நான் ஆறு கொடுத்தேன்.

செப்டம்பர் 20

முடிந்தது. விடைத்தாளின் முதல் பத்து வட்டங்களில் பென்சில் கரி கோட்டைத் தாண்டிவிட்டது. 1980-இன் அதே பயம், இத்தனை நாள் எங்கே ஒளிந்திருந்ததோ. மூன்றாம் தாளில் கேள்விகளைப் பாதிக்கு மேல் படித்த நினைவே இல்லை — போச்சு. எல்லாம் போச்சு. அந்தப் புள்ளைக்கு நான் என்னன்னு சொல்லுவேன்?

செப்டம்பர் 27

தேர்ச்சிப் பட்டியல் வந்தது. பாலப்ரிக்காவுக்கு அடுத்து பால்மா. இடையே பலாசியோஸ் என்ற என் குடும்பப்பெயர் இல்லை.

ஏன் கடைசிவரை படித்தேன் என்று தெரியவில்லை. கீழே இருந்தது: சுமகாய்சாய், லூதிவினா.

செப்டம்பர் 28

எஸ்தெபானிடம் சொன்னேன். "எம்பதுலயும் தேறல. இப்பவும் தேறல." அவர் என்ன நினைப்பார் என்று அஞ்ச இனி எனக்கு நேரமில்லை; சந்தைக்குப் போனேன்.

லூதி கருவாட்டை அடுக்கிக்கொண்டே கேட்டாள். "சேரை நகத்துனீங்களே மானாங், ஞாபகம் இருக்கா?"

"இருக்கு."

"ஒன்றரை அடி."

"ரெண்டு இருக்கும்," என்றேன். "நானும் ரிப்பீட்டர்தான். யாருக்கும் சொல்லல."

அவள் அடுக்குவதை நிறுத்தினாள். இல்லத்தைப் பற்றிச் சொன்னேன். சம்பளம் குறைவு என்றும் சொன்னேன்.

"இங்க மட்டும் என்ன கொட்டுதாம்? ஈதான்," என்றாள்.

பிறகு ரொவேனாவைப் பற்றிச் சொன்னேன். அவள் சிரிப்பு நின்றது. "யோசிச்சுச் சொல்றேன்."

யோசிப்பாளா? அவள் இடத்தில் நான் இருந்தால் வந்திருக்க மாட்டேன்.

அக்டோபர் 2

வந்தாள். கையில் இரண்டு கிலோ கருவாடு.

நவம்பர் 14

உறுதிமொழி எடுத்து, உரிம எண்ணும் அட்டையும் வந்தபின், ரொவேனாவுக்கான அறிக்கையில் லூதி இன்று கையொப்பமிட்டாள். நான் எழுதிக்கொடுத்த வரைவில் ஒன்பது அடைமொழிகளை அடித்துவிட்டாள். "அவன் மிருகம்னு நமக்குத் தெரியும் மானாங். ஜட்ஜுக்கு நாம பாத்ததச் சொன்னாப் போதும்." தேர்வில் எனக்குக் கிடைக்காத விடை அதுதான்போலும்.

டிசம்பர் 11

மாமனின் மனு தள்ளுபடி. எதிர்ச்சாரியில் அவன் நிற்கும் இடத்தை நாளில் பலமுறை பார்க்கிறேன். இன்னும் சில மாதங்கள் பார்ப்பேன்.

டிசம்பர் 29

இல்லத்தின் அனுமதி வந்துவிட்டது. ஜன்னலோரத்து மேசையை லூதிக்குக் கொடுத்து, என் நாற்காலியை அதன் பக்கத்திலேயே போட்டுக்கொண்டேன். மின்விசிறி இந்த முறையும் அவள் பக்கம்.

"அடுத்த பரீட்சைக்குப் பேர் குடுங்க," என்றாள் தலை நிமிராமல். "பக்கத்துல உட்காந்தா ஒட்டிக்குமாம்ல."

படிவத்தில் ஒரு சிறு கட்டம்: எத்தனையாவது முறை? மூன்று என்று எழுதினேன். கோட்டைத் தாண்டவில்லை.